வேலூர் வட்டாரத்து மக்கள் நலம்: தண்ணீர், தொழில், சாலை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாடறிந்த மருத்துவமனை வேலூரிலேயே இருக்கும்போது, சுற்றுவட்டாரத்தில் சில நோய்கள் ஏன் இன்னும் விடாமல் தொடர்கின்றன?

1900-ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய மருந்தகம்தான், இன்று வங்காளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் நோயாளிகள் காட்பாடியில் ரயில் இறங்கித் தேடி வரும் சி.எம்.சி. (கிறித்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனை. ஆனால் எவ்வளவு பெரிய மருத்துவமனையானாலும் அதன் வேலை, வந்துவிட்ட நோயைப் பார்ப்பது. வேலூர் நகரின் கஸ்பாவில் ஒரு குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வருமா, பேர்ணாம்பட்டில் பீடி சுற்றும் பெண்ணுக்கு இருமல் நிற்குமா, அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒருவர் உயிரோடு கீழே வந்து சேர்வாரா என்பதையெல்லாம் தெருக்குழாயும், வேலை செய்யும் இடமும், கைக்கு வரும் கூலியும், ஊருக்குப் போகும் சாலையும் மருத்துவருக்கு முன்பே முடிவு செய்துவிடுகின்றன.

இதை அந்த மருத்துவமனையைச் சேர்ந்தவர்களே நெடுங்காலமாக உணர்ந்திருக்கிறார்கள். ஸ்கடர் குடியாத்தம் சாலையில் வாரந்தோறும் சென்று மரத்தடிகளில் மருந்து கொடுத்தார். பின்னாளில் கணியம்பாடி ஒன்றியத்தில் வீடு வீடாகச் செல்லும் சமூக மருத்துவப் பணி வளர்ந்தது. 1977-இல் கே.வி.குப்பத்தில் தொடங்கப்பட்ட 'ருஹ்சா' மையம், மருத்துவத்தோடு தொழிற்பயிற்சியையும் தன் வேலையாக எடுத்துக்கொண்டது. வருமானம் உயராத வீட்டில் மருந்துச்சீட்டு நெடுநாள் பயன்படாது என்பதை இதைவிடத் தெளிவாக ஒரு மருத்துவ நிறுவனம் ஒப்புக்கொள்ள முடியாது.

இங்கே வேலூர் வட்டாரம் என்று சொல்வது எந்தப் பகுதியை?

பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் பாலாற்றுப் பகுதியை. அம்மாவட்டம் 1989-இல் இரண்டாகப் பிரிந்து, திருவண்ணாமலை தனியானது. 2019-இல் இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் வேலூரிலிருந்து பிரிந்து தனி மாவட்டங்களாயின. நிலத்தடி நீருக்கும் காற்றுக்கும் இந்த எல்லைகள் தெரியாது என்பதால், வாணியம்பாடி முதல் வாலாஜாபேட்டை வரை ஒரே பகுதியாகவே இங்கு பேசப்படுகிறது.

பாலாறும் கிணறுகளும் கெட்டதற்குத் தோல் தொழிற்சாலைகள் மட்டுமே காரணமா?

முதன்மையான காரணம் அவைதான். ஆனால் தனிக் காரணம் அல்ல. கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றும் பாலாறு, தமிழகத்தில் ஆண்டின் பெரும்பகுதி வறண்ட மணற்பரப்பாகவே கிடக்கிறது. 2021 நவம்பரில் வந்தது போன்ற வெள்ளம் எப்போதாவதுதான் வரும். ஓடும் ஆறு தன்மீது விழும் கழிவைக் கொஞ்சமாவது அடித்துக்கொண்டு போகும். ஓடாத ஆற்றில் விடப்படும் கழிவு மணலுக்குள் இறங்கி, கரையோரக் கிணறுகளில்தான் போய்த் தேங்கும். இதோடு மணல் அள்ளியதும், நகரங்களின் சாக்கடை நேரே ஆற்றில் கலந்ததும் சேர்ந்துகொண்டன. மணல்தான் இந்த ஆற்றின் நீர்த்தொட்டி. அதை வாரிக்கொண்டுபோய் விற்ற பிறகு எஞ்சிய கொஞ்சம் தண்ணீரில் கழிவின் செறிவு கூடியதில் வியப்பில்லை.

தோல் பதனிடுதலில் நடப்பதைத் தெரிந்துகொண்டால் விஷயம் இன்னும் விளங்கும். பச்சைத் தோல் அழுகாமல் இருக்க அதில் உப்பை அள்ளிப் பூசியே தொழிற்சாலைக்கு அனுப்புகிறார்கள். அங்கே முதல் வேலை, தோலை ஊறவைத்து அந்த உப்பைக் கழுவி வெளியேற்றுவது. அடுத்து முடியையும் சதையையும் நீக்கச் சுண்ணாம்புத் தொட்டி. அதன்பின் குரோமிய உப்பில் பதனிடல். ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் தேவை என்று, பின்னால் பேசப்படும் 1996-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பே குறிப்பிடுகிறது. பத்திரிகைகள் குரோமியத்தைப் பற்றியே அதிகம் எழுதின. விவசாயியின் கிணற்றைப் பெரும்பாலும் கெடுத்தது சாதாரண உப்புதான். குரோமியத்தைச் சேற்றோடு படியவைத்துப் பிரித்துவிடலாம். கரைந்த உப்பை அப்படிப் பிரிக்க முடியாது. விலை அதிகமான எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) முறைக்குப் போக வேண்டும், அதிலிருந்து மிஞ்சும் உப்பையும் எங்காவது வைத்தாக வேண்டும். தென்னை கருகிய தோப்புகளையும் பயிர் எழாத வயல்களையும் விட்டுவிட்டுத் தொழிற்சாலைக் கூலிக்குப் போன குடும்பங்கள் இப்பகுதியில் உண்டு. நிலத்தைக் கெடுத்த தொழிலே வேலையும் கொடுத்ததால், ஊருக்குள் எதிர்ப்புக் குரல் பல ஆண்டுகள் அரைகுறையாகவே ஒலித்தது.

குரோமியம் எல்லாமே புற்றுநோயை உண்டாக்குமா?

எல்லாம் ஒன்றல்ல. தோல் பதனிடப் பயன்படுவது மூவிணைதிறன் குரோமியம். அது எளிதில் நீரில் கரைந்து பரவாது, ஒப்பீட்டளவில் நச்சுத்தன்மையும் குறைவு. அறுவிணைதிறன் குரோமியம் நீரில் நன்றாகக் கரையும், தோலைப் புண்ணாக்கும். அதன் தூசியை நெடுங்காலம் சுவாசிப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வரும் என்பது உறுதிப்பட்ட உண்மை. குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர அளவு.

இராணிப்பேட்டையின் தனித் துயரம் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அரசு பங்கேற்பில் நடந்த குரோமேட் தொழிற்சாலை ஒன்று 1990-களில் மூடப்பட்டபோது, லட்சம் டன்னுக்கும் அதிகமான குரோமியக் கழிவு திறந்தவெளியில் மலையாகக் குவிந்து கிடந்தது. மழைக்காலத்தில் அதைத் தொட்டு வழியும் நீர் மஞ்சளாக இருக்கும். உலகின் மிக மாசுபட்ட இடங்களுள் ஒன்றாக 2006-இல் இராணிப்பேட்டை பட்டியலிடப்பட்டதற்கு இக்கழிவு பெரிய காரணம். தோல் தொழிலையும் இந்தக் குவியலையும் ஒன்றாகப் போட்டுப் பேசினால், யார் எதற்குப் பொறுப்பு என்பது குழம்பிவிடும். அந்தக் குழப்பத்தால் யாருக்கு ஆதாயம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பால் என்ன நன்மை விளைந்தது?

வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே இழப்பையும் சீரமைப்புச் செலவையும் ஏற்க வேண்டும்; தீங்கு அறிவியல்படி முழுமையாக மெய்ப்பிக்கப்படும்வரை காத்திராமல் முன்னெச்சரிக்கை எடுக்க வேண்டும் என்ற இரு கொள்கைகளையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக அது அறிவித்தது. தோல் தொழில் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதாகக் கூறும் வேளாண் பல்கலைக்கழக ஆய்வும் அதில் எடுத்துக்காட்டப்பட்டது. சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் எந்த மாணவரும் இன்று இவ்வழக்கின் பெயரை அறிவார்.

தீர்ப்புக்குப் பின், பல தொழிற்சாலைகளின் கழிவுநீரைச் சேர்த்துச் சுத்திகரிக்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் முறைப்பட்டன, கழிவுநீரை வெளியே விடாத ஏற்பாடுகள் வந்தன, இழப்பீடு கணக்கிட ஆணையமும் அமைந்தது. ஆயினும் 2025 ஜனவரியில் அதே உச்ச நீதிமன்றம் பாலாற்று மாசு குறித்து மறுபடியும் விரிவான ஆணை பிறப்பிக்க நேர்ந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டு இடைவெளியில் ஒரே ஆற்றுக்கு இரண்டு தீர்ப்புகள் என்றால், சட்டம் சரியாக எழுதப்பட்டது, கண்காணிப்பு சரியாக நடக்கவில்லை என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

குழாயில் இப்போது காவிரி நீரே வருகிறது. பிறகும் டைபாய்டும் வயிற்றுப்போக்கும் ஏன்?

மேட்டூரிலிருந்து வரும் கூட்டுக்குடிநீர், உப்புக் கிணற்றை நம்பியிருந்த ஊர்களுக்குப் பெரிய விடுதலை. அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் நோய்க்கிருமி பெரும்பாலும் மேட்டூரிலிருந்து வருவதில்லை. கடைசி சில நூறு அடியில், தெருவுக்கும் குடத்துக்கும் நடுவில் சேர்கிறது.

வேலூரின் நெருக்கமான ஒரு தெருவை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் சில நாட்களுக்கு ஒருமுறை, சில மணி நேரம்தான் வரும். அழுத்தம் போதாததால் வாசலில் இடுப்பளவுக் குழி தோண்டி, குழாயைத் தரைமட்டத்துக்குக் கீழே இறக்கி, குழிக்குள் குடத்தை வைத்துப் பிடிப்பார்கள். தண்ணீர் நின்றதும் குழி ஈரமாகவே இருக்கும். இரண்டடி தள்ளிச் சாக்கடை. மழை பெய்தால் இரண்டும் ஒன்றாகும். நீரோட்டம் நின்ற குழாய்க்குள் அழுத்தம் குறையும்போது, விரிசல்களின் வழியாக வெளிநீர் உள்ளே இழுக்கப்படும். அடுத்த முறை தண்ணீர் திறக்கும்போது முதலில் வருவது அந்த நீர்தான். மோட்டார் வைத்து உறிஞ்சுபவர்கள் இதை இன்னும் மோசமாக்குகிறார்கள். பிடித்த தண்ணீரை அடுத்த முறை வரும்வரை சேமிக்க வேண்டியிருப்பதால், டிரம்மிலும் அண்டாவிலும் கை பட்ட சொம்பு மூழ்கிக்கொண்டே இருக்கும். மூடாத டிரம்மில் டெங்கு பரப்பும் கொசு முட்டையிடும். 'வீட்டைச் சுற்றித் தண்ணீர் தேங்க விடாதீர்கள்' என்று ஒலிபெருக்கியில் சொல்லிப் போவது எளிது. நாள்தோறும் தண்ணீர் வராத தெருவில் தண்ணீர் சேர்த்து வைக்காதே என்று யாருக்கும் சொல்ல முடியாது.

இது வெறும் ஊகம் அல்ல. 2017 முதல் 2020 வரை இந்தியாவின் பல இடங்களில் குழந்தைகளிடையே டைபாய்டைக் கண்காணித்த ஆய்வில், 1,00,000 குழந்தைகளுக்கு ஆண்டுக்கு ஆயிரம் என்ற அளவைத் தாண்டி, மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று வேலூர் நகரில்தான் பதிவாயிற்று. நகரின் அடுத்தடுத்த மூன்று குடிசைப் பகுதிகளில் பிறந்த 373 குழந்தைகளை மூன்று வயதுவரை பின்தொடர்ந்த இன்னோர் ஆய்வில், பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஆறு மாதம் நிறைவதற்குள்ளேயே, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸ் தொற்று ஏற்பட்டிருந்தது. ஒருமுறை தொற்று வந்தால் அடுத்து வராமல் காக்கும் ஆற்றலும், முன்பு மெக்சிகோவில் கண்டதைவிட இங்கே குறைவாக இருந்தது.

அப்படியானால் தடுப்பு மருந்தால் பயன் இல்லையா?

நிச்சயம் உண்டு. ஆனால் சூழல் கெட்ட இடத்தில் அதன் பயன் குறைகிறது, அதனால் கூடுதல் தவணைகள் வேண்டியிருக்கின்றன. வாய்வழிப் போலியோ சொட்டு மருந்து மேலை நாடுகளில் மூன்று தவணையில் தரும் பாதுகாப்பை இங்குள்ள குழந்தைகளுக்குத் தருவதில்லை என்பதை சி.எம்.சி.யின் வைரஸ் ஆய்வாளர் டி.ஜேக்கப் ஜான் வேலூரிலிருந்து 1970-களிலேயே சுட்டிக்காட்டினார். ஓயாத குடல் தொற்றும் அதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. அதாவது அழுக்குத் தண்ணீர் நோயைத் தருவதோடு நிற்காமல், நோய்க்கான தடுப்பையும் வலுவிழக்கச் செய்கிறது. குறிப்பிட்ட நாட்களில் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே சமயத்தில் சொட்டு மருந்து கொடுக்கும் முறை 1980-களின் தொடக்கத்தில் வேலூர் நகரில் சோதித்துப் பார்க்கப்பட்டது. நாடு முழுவதும் அது 1995-இல்தான் வந்தது. 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் இயற்கையான போலியோ வைரஸால் ஒருவரும் பாதிக்கப்படவில்லை.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொன்று, வட ஆற்காட்டில் நடந்த நோய்க் கண்காணிப்பு முறை. அரசு மருத்துவர்களோடு தனியார் மருத்துவர்களும் தாங்கள் கண்ட குறிப்பிட்ட நோய்களை அஞ்சலட்டையில் எழுதிப் போட்டார்கள். அவற்றைத் தொகுத்து ஓர் அறிக்கையிதழ் அவர்களுக்கே திரும்ப வந்தது. தான் அனுப்பிய அட்டைக்கு விளைவு உண்டு என்று தெரிந்த மருத்துவர் அடுத்த அட்டையையும் அனுப்பினார். கேரளத்தின் கோட்டயம் மாவட்டம் இதே முறையைப் பின்பற்றியது. என் பார்வையில், இந்தப் பகுதி பொதுச் சுகாதாரத்துக்கு வழங்கிய கொடைகளில் பெரிய கட்டடங்களைவிட இந்த அஞ்சலட்டை உயர்ந்தது.

வீட்டிலேயே பீடி சுற்றுவது அவ்வளவு கெடுதலா? வெளியே போகாமல் வருமானம் வருகிறதே?

வருமானம் வருகிறது என்பதால்தான் கெடுதல் கண்ணில் படுவதில்லை. வேலூர், குடியாத்தம், பேர்ணாம்பட்டுப் பகுதிகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு சுற்றுகிறார்கள். ஏஜென்டிடம் இலையும் தூளும் வாங்கி வந்து, இலையை நனைத்து, அளவுக்கு வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, தலையை மடித்து, கட்டுக்கட்டாக அடுக்கி மறுநாள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கூலி 1,000 பீடிக்கு இவ்வளவு என்ற கணக்கு. சரியில்லை என்று ஒதுக்கப்பட்டதற்குக் கூலி கிடையாது. எண்ணிக்கைக்குக் கூலி என்பதால் முதுகு வலித்தாலும் எழுந்திருக்க மனம் வராது.

புகையிலைத் தூள் மூக்கு வழியாக மட்டுமல்லாமல் தோல் வழியாகவும் நிகோடினை உடலுக்குள் செலுத்துகிறது. பெரும்பாலான வீடுகளில் சமையலும் உறக்கமும் பீடி வேலையும் ஒரே அறையில்தான். கைக்குழந்தை முறத்துக்குப் பக்கத்திலேயே தவழும். தொழிற்சாலையாக இருந்தால் ஆய்வாளர் வந்து காற்றோட்டம் உண்டா என்று கேட்பார். வீட்டுக்குள் யார் வந்து கேட்பது? 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி பீடித் தொழிலாளர் நல நிதி ஏற்பட்டு, அடையாள அட்டை வைத்திருப்பவர்களுக்கு மருத்துவம், பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றுக்கு உதவி கிடைத்தது. அந்நிதிக்கு ஆதாரமான தீர்வை 2017-இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது நீக்கப்பட்டது. புகையிலைப் பயன்பாடு குறைய வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் வேறு வேலைக்கு வழிகாட்டாமல் பீடியை மட்டும் நிறுத்தச் சொல்வது, இப்பெண்களின் அடுப்பை நிறுத்தச் சொல்வதாகவே முடியும்.

தோல் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்களுக்கு உள்ள பெரிய ஆபத்து எது?

தோல் அரிப்பு, புண், மூச்சு இளைப்பு ஆகியவை அன்றாடம். உயிரைக் கொல்வது கழிவுத் தொட்டி. சேற்றில் தேங்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு, செறிவு கூடும்போது மூக்கின் உணர்வையே மழுங்கச் செய்துவிடுவதால், நாற்றம் இல்லை என்று நம்பி இறங்குபவர் ஓரிரு மூச்சில் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்கும் இரண்டாமவரும் மூன்றாமவரும் சேர்ந்து இறப்பது இதனால்தான். 2015 ஜனவரி 31 அதிகாலையில் இராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச் சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்துத் தொழிற்சாலையில் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். தங்க வேறிடம் இல்லாமல் வேலைத்தளத்திலேயே படுத்ததுதான் அவர்கள் செய்த குற்றம்.

மலைக்கிராமங்களின் நிலை தனியானதா?

ஆம். சவ்வாது மலைத்தொடரில் அணைக்கட்டுப் பகுதியிலுள்ள பீஞ்சமந்தை, அல்லேரி போன்ற ஊர்களில் கேள்வியே வேறு: எவ்வளவு நேரத்தில் கீழே இறங்க முடியும் என்பதுதான். 2023 மே மாதம் அல்லேரிப் பக்கத்தில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை, சாலை இல்லாததால் உரிய நேரத்தில் மருத்துவமனை சேராமல் இறந்தது. பாதி வழியில் வாகனம் நின்றுவிட, தாய் குழந்தையின் உடலைச் சுமந்துகொண்டு மலைமேல் நடந்தார். பாம்பு விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனைகளில் விலையின்றிக் கிடைக்கிறது. சாலை இல்லாத ஊருக்கு அது இருந்தும் இல்லாத கணக்குத்தான். வனத்துறை அனுமதி, நிதி ஒதுக்கீடு என்று ஆண்டுகள் ஓடும் இடங்களில், கர்ப்பிணியை டோலி கட்டித் தூக்கி வருவது இன்றும் முழுதாக மறையவில்லை.

தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தால் போதாதா?

கிருமிக்குப் போதும். உப்புக்கும் ஃப்ளோரைடுக்கும் குரோமியத்துக்கும் பயன்படாது. நீர் வற்ற வற்ற அவற்றின் செறிவு சற்றுக் கூடவே செய்யும். காய்ச்சிய தண்ணீரை வாயகன்ற பாத்திரத்தில் வைத்துக் கைவிட்டு மொண்டால், காய்ச்சியதன் பயன் போய்விடும். குழாய் வைத்த பாத்திரம் நல்லது. கேன் தண்ணீரும் கேனைக் கழுவும் ஒழுங்கைப் பொறுத்ததுதான்.

ஒரே வாரத்தில் தெருவில் பலருக்கு வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ கண்டால் யாரிடம், எதைச் சொல்வது?

ஊராட்சியானால் ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுகாதார ஆய்வாளரிடமும், மாநகராட்சியானால் மண்டலச் சுகாதாரப் பிரிவிலும் சொல்ல வேண்டும். 104 என்ற எண்ணிலும் தெரிவிக்கலாம். அவரவர் தனித்தனியே கிளினிக் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்துவிட்டால், அது ஒரு தெருவின் பிரச்சினை என்று யாருக்கும் தெரியாமலே போகும். முதலில் யாருக்கு, எந்தத் தேதியில் கண்டது. கடைசியாக எப்போது தண்ணீர் விட்டார்கள். அண்மையில் சாலையோ சாக்கடையோ தோண்டப்பட்டதா. பாதிக்கப்பட்ட வீடுகள் ஒரே குழாய் வரிசையில் உள்ளனவா என்ற நான்கையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு போனால் ஆய்வாளரின் பாதி வேலை முடிந்துவிடும். குழாய் முனையில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். அதைச் சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கும் சிறு பெட்டியால் வாசலிலேயே சோதிக்கலாம், அதைச் செய்து காட்டும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கிருமிச் சோதனைக்கான தண்ணீரைக் கண்ட பாட்டிலில் நீங்களே பிடித்துக் கொண்டுபோக வேண்டாம். அதற்கு ஆய்வகம் தரும் நுண்ணுயிர் நீக்கிய புட்டி வேண்டும். மாதிரி எடுக்கும்வரை குழாய்க் குழியில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டிவிடாதீர்கள். அதுவரை தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள். போக்கு கண்ட குழந்தைக்கு உப்பு சர்க்கரைக் கரைசலை அடிக்கடி கொடுத்துக்கொண்டே இருங்கள். குழந்தை சோர்ந்து, கண் குழிந்து, சிறுநீர் குறைந்தால் காத்திராமல் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.